நோயாளர் படகுக்குக் குளிர் ஏற்றிய வரலாறு

உலகத்துக் கடல்களில் இதுவரை மிதந்த கலங்களை இரண்டாகப் பிரிக்கலாம். கண்டல்தீவின் நோயாளர் படகு ஒரு வகை. மற்றவை எல்லாம் இன்னொரு வகை. மற்றவை காற்றால் ஓடியிருக்கின்றன, நீராவியால் ஓடியிருக்கின்றன, எண்ணெயால் ஓடியிருக்கின்றன. கண்டல்தீவுப் படகு மட்டும்தான் கட்டின கயிறு கட்டினபடி இருக்க, நின்ற இடத்திலேயே நாலு நிமிடம் குளிர்ந்தது. மின்கம்பம் ஒன்றுகூட இல்லாத ஒரு தீவு, குடாநாடு முழுவதற்கும் எரிபொருள் தடை செய்யப்பட்டிருந்த ஒரு வருடத்தில் இதைச் சாதித்தது. இப்படிப்பட்ட சாதனைக்கு ஒரு கல்வெட்டு வேண்டும். கல்வெட்டு இல்லாத குறைக்கு ஒரு கூட்டக் கொப்பி இருக்கிறது.

அந்தச் சரித்திர நாள், எண்பத்தேழாம் ஆண்டு சித்திரையில் வருடப்பிறப்புக் கழிந்து ஒன்பதாம் நாள். காலை ஏழரை மணி. நோயாளர் படகுச் சேவைக் குழுவின் செயலாளர் பஞ்சலிங்கம், மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு படலையைத் திறந்தபோது, மனைவி மீனாம்பிகை பின்னால் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இதையும் கொண்டு போங்கோ."

கையில் அவருடைய சாம்பல் நிறச் சால்வை. மார்கழியில் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருவது.

"என்னத்துக்கப்பா? வெயில் இப்பவே கொளுத்துது."

"இண்டைக்குக் குளிரப் போகுதெண்டு நீங்கள்தானே ஊரெல்லாம் நோட்டீசு எழுதி ஒட்டினனீங்கள். தடிமன் பிடிச்சால் ஆர் கொத்தமல்லி அவிக்கிறது?"

பஞ்சலிங்கம் சால்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். முப்பத்தொரு வருட இல்லறத்தில் அவள் கொடுத்த எதையும் அவர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது இல்லை.

"கத்தரிக்காய் பொரிச்சுக் குழம்பு வைக்கிறன். கூட்டத்திலை கையைத் தூக்கி முடிச்சுப்போட்டு நேரத்துக்கு வாங்கோ."

"ஓம்" என்றார்.

கை தூக்குவது பற்றி இங்கே ஒரு சொல். பஞ்சலிங்கம் முன்னாள் உப தபாலதிபர். தீவில் எந்தச் சங்கம் தொடங்கினாலும் எழுத்து வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தீர்மானம் நிறைவேற ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். கண்டல்தீவில் முன்மொழிய ஆட்களுக்குக் குறைவில்லை. அது பேச்சு. வழிமொழிய ஆள் கிடையாது. அது பொறுப்பு. முன்மொழிவு முடிந்தவுடன் எல்லாரும் நிலத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். காகம் கத்துவது கேட்கும். அந்த மௌனத்தைத் தாங்க மாட்டாமல், நேரத்துக்கு வீட்டுக்குப் போகவேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், செயலாளர் கை தூக்குவார். பதினொரு வருடக் கொப்பியில் "வழிமொழிந்தவர்: செயலாளர்" என்று இல்லாத பக்கமே இல்லை. கூட்ட அறிக்கையில் "நான்" என்று எழுதுகிற வழக்கமும் இல்லை. அது பஞ்சலிங்கத்துக்குப் பிடித்திருந்தது. வாசிக்கும்போது கை தூக்கியவன் வேறு யாரோ போலிருக்கும்.

படகைப் பற்றியும் சொல்லவேண்டும். தீவில் ஆஸ்பத்திரி இல்லை. ஊர்மக்கள் காசு சேர்த்துக் கட்டிய இருபத்திரண்டு அடிப் படகில்தான் நோயாளர் குருநகர்த் துறைக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள். எஞ்சினில் போனால் ஒன்றேகால் மணித்தியாலம். அதுவரை பதினேழு நோயாளரை அது கொண்டு போயிருந்தது. பிள்ளைப்பேறு ஆறு, பாம்புக்கடி நாலு, நெஞ்சுவலி மூன்று, பனையிலிருந்து விழுந்தது நாலு. ஒருவரும் வழியில் சாகவில்லை. இந்தப் பெருமை எஞ்சினுக்கும், அதை ஓட்டிய குருநகர்ச் செபநாயகத்துக்கும், ஒரு நெல்லிரசப் போத்தலுக்கும் உரியது.

போத்தலில் இருந்தது நெல்லிரசம் அல்ல, பெற்றோல். படகு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் மண்ணெண்ணெயில் எழும்பாது. முதலில் இரண்டு மூடி பெற்றோல் ஊற்றிக் கயிற்றை இழுக்கவேண்டும். கண் விழித்துவிட்டால் பிறகு மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டே குருநகர் மட்டும் போகும். தை மாதத் தடைக்குப் பிறகு பெற்றோல் தீவில் மருந்துக்கும் இல்லை. இருந்தது அந்த முக்கால் போத்தல்தான். செபநாயகம் அதை நனைத்த சாக்கில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பார்.

ஆகவே உயிர் காக்க எல்லாம் இருந்தது. இல்லாதது குளிர் ஒன்றுதான். அந்தக் குறையைக் கண்டுபிடித்தவர் தலைவர் சிவசுப்பிரமணிய முதலாளி.

முதலாளிக்குக் கொழும்பில் புடவைக்கடை இருந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. சேலை எரிந்தது, அலுமாரி எரிந்தது, தகப்பனாரின் படம் எரிந்தது. பின்சுவரில் பொருத்தியிருந்த குளிரூட்டி மட்டும், என்ன அதிசயமோ, ஒரு பக்கம் கறுத்ததோடு தப்பிவிட்டது. அதை லொறியிலும் பிறகு வள்ளத்திலும் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நாலு வருடமாக அது விறாந்தையில் பிளாஸ்ரிக் உறை போட்டுக்கொண்டு இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சந்தனப் பொட்டு வைப்பார். வருகிறவர்களுக்கு உறையைத் தூக்கிக் காட்டி, "நல்ல சாமான். ஒரு இழை குறையேல்லை. கறண்ட் மட்டும்தான் வேணும்" என்பார்.

மாசி மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

"நோயாளியள் வெயிலிலை வதங்கிப் போகினம். கொழும்பிலை பெரிய ஆஸ்பத்திரியளிலை நோயாளியைக் குளிருக்கைதான் வைச்சிருக்கிறவை. எங்கடை படகுக்கு ஒரு ஏசி பூட்டவேணும். அப்பாவின்ரை பேரிலை நான் அன்பளிப்பாத் தாறன்."

"கடலிலை காத்துக்கு என்ன முதலாளி குறை?" என்று கேட்டார் செபநாயகம். அவர் குழு உறுப்பினர் அல்ல. படகோட்டி என்ற முறையில் வாசலில் குந்தியிருக்க அனுமதிக்கப்பட்டவர்.

"உது வெறும் காத்து. நினைச்ச நேரம் வரும், நினைச்ச நேரம் போகும். இது கட்டுப்படுத்தின காத்து."

"கறண்ட்?"

"அதுக்குத்தானே எஞ்சினியர் இருக்கிறார்."

எஞ்சினியர் என்றால் முத்துக்குமாரு. சுன்னாகத்தில் றேடியோ திருத்திக்கொண்டிருந்து, கடைக்கு மேல் ஷெல் விழுந்தபிறகு தீவுக்கு வந்து "எஞ்சினியர்" ஆனவர். அவர் கண்ணை மூடித் திறந்து, "விஞ்ஞானத்திலை ஏலாதது எண்டு ஒண்டில்லை" என்றார். தீர்மானம் முன்மொழியப்பட்டது. எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். காகம் கத்தியது. பஞ்சலிங்கம் கை தூக்கினார்.

படகிலிருந்த மொத்த மின்சாரம், முன்விளக்கு எரிக்கிற ஒரு கார் பற்றறி. முத்துக்குமாரு அதைத் தட்டிப் பார்த்தார்.

"இது பன்னிரண்டு வோல்ற். அது இருநூற்றிமுப்பது கேக்குது."

"கேட்டால் குடுக்கத்தானே வேணும்" என்றார் தலைவர். "எத்தினை பற்றறி?"

"இருபது."

தீவு முழுவதும் தேடி ஒன்பது பற்றறி கிடைத்தது. ஒன்பதையும் ஏற்றியபோது படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி இருந்தது. நோயாளியைக் கிடத்துகிற இடத்தில் பற்றறிகள் கிடந்தன. அதற்குப் பிறகுதான் முத்துக்குமாருவுக்கு, பற்றறிக் கறண்ட் ஒரு வகை, குளிரூட்டிக்கு வேண்டிய கறண்ட் வேறு வகை என்பது நினைவுக்கு வந்தது. அறிக்கையில் பஞ்சலிங்கம் இப்படி எழுதினார்: "நோயாளியைத் தவிர்த்தால் இத்திட்டம் பெருமளவு சாத்தியமானதே எனப் பொறியியலாளர் தெரிவித்தார்."

இரண்டாவது முயற்சி உள்ளூர்த் தொழில்நுட்பம். அந்த நாட்களில் றேடியோச் செய்தி கேட்க, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றுவார்கள். டைனமோவில் வருகிற கறண்டில் றேடியோ பாடும். ஒரு சைக்கிளுக்கு ஒரு றேடியோ என்றால், எட்டுச் சைக்கிளுக்கு ஒரு குளிரூட்டி ஏன் கூடாது? துறையில் எட்டுச் சைக்கிள்களைக் கவிழ்த்து வைத்து எட்டு ஆம்பிளைகள் அரை மணித்தியாலம் சுற்றினார்கள். குளிரூட்டி ஒரு சின்ன உறுமல்கூட உறுமவில்லை. முத்துக்குமாரு மணலில் கணக்குப் போட்டார்.

"இன்னும் ஒரு ஐந்நூறு சைக்கிள் இருந்தால் காணும்."

"குருநகரிலை இரவல் கேட்டுப் பாப்பமோ?" என்று தலைவர் உண்மையாகவே கேட்டார்.

அறிக்கை: "பரிசோதனையில் பங்குபற்றிய எண்மருக்கும் உடல் வெப்பம் பெரிதும் கூடியமையால், குளிரூட்டியின் அவசியம் மேலும் உறுதிப்பட்டது."

இந்த அறிக்கைகளைப் பஞ்சலிங்கம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். மீனாம்பிகை ஜாம் போத்தல் விளக்கடியில் முருங்கையிலை ஆய்ந்தபடி கேட்பாள். சிரிப்பு வந்தால் இலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள்.

"மெய்யே, அப்ப நோயாளியை வீட்டிலை விட்டிட்டுப் பற்றறியளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதோ?"

"பகிடி பண்ணாதை. முதலாளி பாவம். அவருக்கு உது ஒண்டுதானே மிஞ்சினது."

"பாவந்தான். அதுக்கு நீங்கள் ஏன் கை தூக்கினனீங்கள்?"

"வேறை ஆரும் தூக்கேல்லை."

"ஆரும் தூக்காட்டி, ஒருத்தருக்கும் விருப்பமில்லையெண்டு தானே அர்த்தம்?" அவள் சுளகை ஒருதரம் தட்டினாள். "உங்களுக்குக் கை தூக்கிற வருத்தம். அதுக்கும் ஏதும் படகு விட்டால் நல்லது."

பஞ்சலிங்கம் பேனையை மூடி வைத்தார். இந்தக் கருத்து அறிக்கையில் சேர்க்கப்படவில்லை.

மூன்றாவது முயற்சி பிள்ளையார் கோயில் ஜெனறேற்றர். திருவிழாவில் ஒலிபெருக்கிக்கும் ரியூப்லைற்றுக்கும் ஓடுவது. குளிரூட்டியை அது ஓட்டுமா என்று கேட்டபோது முத்துக்குமாரு மிக நுட்பமான பதில் ஒன்று சொன்னார். "ஓடத் தொடங்கினால் ஓட்டும். தொடக்கிறதுதான் கஷ்டம்." அதாவது, குளிரூட்டி விழித்தெழும் அந்த ஒரு நொடியில் மூன்று மடங்கு கறண்டைக் கேட்கும், ஜெனறேற்றர் மூச்சுத் திணறி நின்றுவிடும். திரும்ப எழுப்ப வேண்டும். அதுவும் படகு எஞ்சினின் குணம்தான். எழும்பப் பெற்றோல், ஓட மண்ணெண்ணெய்.

இதற்கிடையில் படகின் நடுவில் ஒட்டுப்பலகையில் ஓர் அறை எழுந்தது. குளிரூட்டி ஒரு சுவரில் பூட்டப்பட்டது. அறைக்கு இடம் போதாமல் பாய்மரம் கழற்றப்பட்டுக் கரையில் கிடத்தப்பட்டது. குளிர் தப்பி ஓடாதபடி யன்னல்களுக்குப் பலகை வைத்துத் திருகாணி முறுக்கி, இடுக்குகளுக்கு மெழுகு உருக்கி ஊற்றினார்கள்.

"ஒரு யன்னலாவது விடுங்கோ முதலாளி" என்றார் செபநாயகம்.

"யன்னல் விட்டால் குளிர் போயிடும்."

"குளிர் வராட்டில்?"

"வராத குளிரைப் பற்றி ஏன் இப்ப கதைக்கிறாய்?"

கதவில் பஞ்சலிங்கம் தன் அழகான கையெழுத்தில் ஓர் அறிவித்தல் எழுதி ஒட்டினார்: "கதவைச் சாத்தவும். குளிர் வெளியேறும்."

இப்படியாகத்தான் சித்திரை மாதத்து அந்தக் காலை விடிந்தது. துறையில் பந்தல். குருத்தோலைத் தோரணம். வள்ளங்கள் எல்லாம் விடியவே மீன்பிடித் தொழிலுக்குப் போய்விட்டதால், பெண்களும் வயதானவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாய் நூறு பேர். காற்று என்று ஒரு சொட்டும் இல்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. தலைவர் புதுவேட்டியில், "ஐரோப்பாவிலையும் இல்லாதது" என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். பிறகு படகுக்குள் இறக்கியிருந்த ஜெனறேற்றருக்குச் சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, முத்துக்குமாரு கயிற்றை இழுக்கத் தயாராக நின்றார்.

செபநாயகம் நெல்லிரசப் போத்தலைத் திறந்து மூன்று மூடி ஊற்றினார். முதல் தொடக்கத்துக்கு மட்டும் என்று ஏற்கெனவே தீர்மானம் இருந்தது. ஜெனறேற்றர் எழும்பியது. எல்லாரும் கைதட்டினார்கள். குளிரூட்டியின் சுவிச்சைத் தட்டியவுடன் "டொக்" என்று ஒரு சத்தம், இரண்டும் நின்றன.

"இன்னொருக்கால்" என்றார் தலைவர்.

மூன்று மூடி. டொக்.

"இதுதான் கடைசி."

மூன்று மூடி. டொக்.

சனம் முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பிறகு மூடியை எண்ணத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தமாகவே எண்ணின. ஒவ்வொரு தரமும் முத்துக்குமாரு ஒரு வயரை மாற்றிப் பூட்டி, "இப்ப பிழையைப் பிடிச்சிட்டன்" என்றார். அவர் பதினொரு தரம் பிழையைப் பிடித்தார். பதினோராம் தரம் போத்தலைச் சரித்துப் பார்த்த செபநாயகம், மூடியைத் திருகி மூடிச் சாரத்து மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"அடியிலை ரண்டு மூடிதான் கிடக்கு. இது படகின்ரை. இதை விடேலாது."

"நாளைக்கு ஒரு வள்ளத்தை அனுப்பிக் குருநகரிலை கள்ளவிலைக்கு வாங்குவம்" என்றார் தலைவர்.

"நாளைக்குத்தானே நாளைக்கு. இண்டைக்கு ஆருக்கும் ஏதும் வந்தால்?"

"இண்டைக்கு ஊரே இஞ்சை நிக்குது. ஆருக்கடா வருத்தம்? ஆருக்கேன் வருத்தமோ?" என்று தலைவர் சனத்தைப் பார்த்துக் கேட்டார். ஒருவருக்கும் நோய்நொடி இல்லை.

"பாயிலை போகலாம் எண்டால் பாய்மரத்தையும் கழட்டிப் போட்டியள்" என்று செபநாயகம் முணுமுணுத்தார்.

தலைவரின் முகத்தில் வியர்வையா கண்ணீரா என்று சொல்ல முடியாமல் ஏதோ வழிந்தது. அவர் ஓர் ஒழுங்கான மனிதர். பலவந்தமாய்ப் பறிக்க மாட்டார். "குழு உறுப்பினர் ஐஞ்சு பேரும் இருக்கிறம். அவசரக் கூட்டம் கூட்டிறன். மிச்சப் பெற்றோலைப் பாவிக்கலாமெண்டு முன்மொழியிறன்" என்றார்.

ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். காகம் கத்தியது. பந்தலில் நூறு பேர் காத்து நின்றார்கள். நேரம் பத்து மணி தாண்டிவிட்டது. சால்வை பஞ்சலிங்கத்தின் கழுத்தில் கடித்தது. அவர் கத்தரிக்காய்க் குழம்பை நினைத்தார். தலைவரின் கறுத்த குளிரூட்டியைப் பார்த்தார். மீனாம்பிகை சொன்னதும் நினைவுக்கு வந்தது என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. ஆனால் கை, பதினொரு வருடப் பழக்கத்தில், அவரைக் கேளாமலே மேலே போனது.

செபநாயகம் அவரைப் பார்த்தார். "நீங்களுமா போஸ்மாஸ்ரர் ஐயா?" என்று மட்டும் கேட்டு, போத்தலை நீட்டினார்.

அந்த இரண்டு மூடியில் ஜெனறேற்றர் எழும்பியது. குளிரூட்டி ஒருதரம் இருமி, நடுங்கி, ஓடத் தொடங்கியது.

சரித்திரம் நாலு நிமிடம் நடந்தது. குழு உறுப்பினர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். குளிர் வந்தது, உண்மையிலேயே வந்தது. தலைவர் அதன் முன் முகத்தை நீட்டிக்கொண்டு, "கடை வாசம்" என்றார். "காலமை கடை திறக்கேக்கை இந்த வாசந்தான் வாறது." எழுபதை நெருங்குகிற மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். பஞ்சலிங்கம் சால்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டார், மனைவியிடம் போய்ச் சொல்வதற்காக.

பிறகு ஜெனறேற்றர் மூச்சுத் திணறி நின்றது. அந்த அமைதிக்குள் கரையில் ஒரு பெண் கத்துகிற சத்தம் கேட்டது. பஞ்சலிங்கத்தின் பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி, தலை அவிழ்ந்தபடி ஓடி வந்தாள்.

"ஐயா! அக்காவுக்குப் புடையன் பாம்பு கடிச்சுப்போட்டுது! குழம்புக்கு அடுப்பு மூட்டக் காவோலை இழுத்தவ, ஓலைக்குள்ளை கிடந்திருக்கு! கெதியா வாங்கோ!"

கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கால் அதற்குள் கருநீலமாய் வீங்கியிருந்தது. அவள் நினைவோடுதான் இருந்தாள். படகைப் பார்த்து, பந்தலைப் பார்த்து, கணவரின் தோளைப் பார்த்து, "குளிர்ந்ததோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றார் பஞ்சலிங்கம்.

செபநாயகம் எஞ்சின் கயிற்றை இழுத்தார். மண்ணெண்ணெய் ஊற்றி இழுத்தார். பிளக்கைக் கழற்றி நெருப்பில் காய்ச்சிப் பூட்டி இழுத்தார். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வரும்வரை இழுத்தார். நெல்லிரசப் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினார். ஒரு சொட்டு வந்து போத்தல் வாயில் தொங்கியது, விழவில்லை. வள்ளம் ஒன்று துறையில் இல்லை. பாய்மரம் இல்லை, இருந்திருந்தாலும் காற்று இல்லை. ஜெனறேற்றரைத் தூக்கிக் கரையில் எறிந்தார்கள். தலைவர் குளிரூட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, "கழட்டுங்கோடா உதை!" என்று கத்தினார். முத்துக்குமாரு அதை மிகவும் திறமையாகப் பூட்டியிருந்தார். அது அசையவில்லை.

ஆழமில்லாத அந்தக் கடலில் கோல் ஊன்றித்தான் போனார்கள். செபநாயகம் ஒரு கோல், முத்துக்குமாரு ஒரு கோல், புதுவேட்டியோடு தலைவர் ஒரு கோல். ஒன்றேகால் மணித்தியாலப் பாதை.

வெயில் படாமல் என்று அவளை முதலில் அறைக்குள்தான் கிடத்தினார்கள். யன்னல் இல்லாத ஒட்டுப்பலகைப் பெட்டி அரை மணித்தியாலத்தில் போறணை போல ஆகிவிட்டது. மெழுகு உருகி வடிந்தது. பஞ்சலிங்கம் கூட்டக் கொப்பியால் விசிறினார்.

"வெளியிலை கிடத்துங்கோ" என்றாள் மீனாம்பிகை. "எனக்கு வெறும் காத்துக் காணும்."

வெளியே கிடத்தினார்கள். சால்வையை விரித்துத் தலைக்கு மேல் நிழலாகப் பிடித்தபடி பஞ்சலிங்கம் நின்றார். இரண்டு கையும் மேலே தூக்கியபடி. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப எதுக்கப்பா வழிமொழியிறியள்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

குருநகர்க் கோயிலின் கோபுரம் தெரிகிற தூரத்தில், பின்னேரம் மூன்றரை மணிக்கு, நோயாளர் படகின் பதினெட்டாவது நோயாளி வழியில் இறந்தாள். பஞ்சலிங்கம் கையை இறக்கவில்லை. துறையில் வந்து கட்டியபிறகு செபநாயகம்தான் வந்து இறக்கிவிட்டார்.

துறையில் நின்ற ஒரு தொழிலாளி, கேட்காமலே, ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் கொண்டுவந்து தந்தார். எஞ்சின் முதல் இழுவையிலேயே எழும்பியது. திரும்பி வர ஒன்றேகால் மணித்தியாலம்தான் ஆனது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கிழமை குழு கூடியது. முத்துக்குமாரு ஓர் அனுதாபத் தீர்மானம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "இத்தீவின் முதலாவது குளிரூட்டிய படகில் முதன்முதலாகப் பயணித்த பெருமைக்குரிய அமரர்" என்று தொடங்கியது. செபநாயகம் அதை வாசலிலிருந்து வாங்கி, நாலாய்க் கிழித்து, பீடி பற்ற வைக்க வைத்துக்கொண்டார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

முறைப்படி முதல் அலுவல், சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து உறுதிப்படுத்துவது. செயலாளர் எழுந்து நின்று கொப்பியை விரித்தார். உருகிய மெழுகு ஒட்டிய பக்கம்.

"அவசரக் கூட்டம். இடம்: துறை. கையிருப்பிலிருந்த கடைசி இரண்டு மூடி பெற்றோலையும் குளிரூட்டிக்குப் பயன்படுத்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: தலைவர் சிவசுப்பிரமணியம்."

அடுத்த வரியில் வழக்கம்போல "வழிமொழிந்தவர்: செயலாளர்" என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசிச் சொல் ஒரு கோட்டால் வெட்டப்பட்டு, மேலே அதே அழகான கையெழுத்தில் வேறொன்று இருந்தது. அதையும் அவர் வாசித்தார்.

"வழிமொழிந்தவர்: மீனாம்பிகையின் கணவன்."

கொப்பியை மூடாமலே உட்கார்ந்து கேட்டார். "இந்த அறிக்கை சரியெண்டு உறுதிப்படுத்த ஆராவது முன்மொழியுங்கோ."

நெடுநேரம் கழித்துத் தலைவர் எழுந்தார். "சரிதான்" என்றார். "நான் முன்மொழியிறன்."

இனி ஒருவர் வழிமொழிய வேண்டும். மற்ற மூன்று பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். காகம் கத்தியது. பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்து, பழக்கத்தில், பஞ்சலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் மடியில் மடித்து வைத்திருந்த சால்வைக்கு மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைகள் எழும்பவில்லை. பொழுது சாயும்வரை இருந்து பார்த்துவிட்டு, எல்லாரும் எழுந்து போனார்கள்.

அதன் பிறகு குழு கூடவில்லை. சண்டை வந்தது, தீவு இடம்பெயர்ந்தது, முதலாளி இந்தியாவில் ஒரு முகாமில் காலமானார், படகு என்னவானது என்று தெரியாது. ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் பஞ்சலிங்கம் ஒரு கொப்பியையும் ஒரு சால்வையையும் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் குடாநாட்டுச் சனமெல்லாம் மழையில் நடந்தபோதும் அவை நனையவில்லை.

அந்த அறிக்கை இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. ஒரு கை குறைகிறது.